உமது பொறிவண்டுகளும் என் பயற்றங்கொடியும்

புக்கிட் பெலிம்பிங் அருகே, கோலசிலாங்கூர்
1927 ஐப்பசி 14

விவசாயக் கந்தோர் கிளாக்கர் சிரஞ்சீவி பசுபதிக்கு, ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணி விசுவலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இவ்விடம் சுகம் என்று எழுதுவது முறை, ஆனபடியால் எழுதுகிறேன். உம்முடைய சுகத்துக்குக் குறைவிராது. ஊராருக்குப் புத்தி சொல்கிறவர்களுக்கு என்ன குறை.

பெண் பார்க்க வந்த அன்று, என் பயற்றங்கொடியில் அழுக்கணவன் பூச்சி மொய்த்துச் சாறு உறிஞ்சுவதைக் கண்டீர். புகையிலைத் தண்ணீர் தெளிக்கப் போன என்னைத் தடுத்து, "மாமா, இதுக்கு இயற்கையான எதிரிகள் இருக்கு, அதுகள் பார்த்துக்கொள்ளும்" என்றீர். அடுத்த கிழமை உம்மிடமிருந்து மூன்று நெருப்புப்பெட்டியில் பொறிவண்டு வந்தது. சம்பந்தி வீட்டுச் சீர் என்று மரியாதையாகக் கொடியில் விட்டேன். அவை வாய் வைக்குமுன் கறுப்பெறும்பு படையாக வந்து துரத்திற்று. அழுக்கணவன் கசியவிடும் தேனை நக்கிப் பிழைக்கிற எறும்பாம், படியளக்கிறவனைக் காவல் காக்கிறதாம். தப்பிய வண்டில் பாதியைச் சிலந்தி வலையில் கட்டித் தொங்கவிட்டது. அதுவும் உம்முடைய இயற்கை எதிரிதானே? பத்து நாளில் கொடியெங்கும் முள்ளுமுள்ளாய் ஒரு கறுப்புப் புழு. நானும் வீட்டுக்காரியும் மூன்று நாள் பொறுக்கி மண்ணெண்ணெயில் போட்டோம். மகள் வாகீஸ்வரி பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். பெண்பிள்ளைக்குப் புழுபூச்சியில் என்ன பேச்சு.

கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் இருசப்பன் சும்மா இருப்பானா. "கிராணி ஐயா, ரம்புத்தான் மரத்துல இருக்கிற செவப்பு முசுறு எறும்புக் கூட்டை அறுத்தாந்து பந்தல்ல கட்டிப்புடுறேன். கறுப்பு ஒண்ணு நிக்காது" என்றான். கட்டினான். கறுப்பு ஓடிற்று. ஓடினதும் அந்தத் தேனை நக்க முசுறு உட்கார்ந்துவிட்டது. ஆளையாள் கடிக்கிற மும்முரத்தில் கொடியை உறிஞ்சுகிறவனை ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் தோட்ட நிர்வாகமும் இப்படித்தான், கண்டீரோ. துரை கண்டக்டரைப் பார்க்கிறார், கண்டக்டர் என்னைப் பார்க்கிறார், நான் மண்டோரைப் பார்க்கிறேன், லாலான் புல் இடுப்பளவு நிற்கிறது.

நேற்றுப் பந்தலைப் பார்க்க வந்த துரை அண்ணாந்தார். முசுறுக்கூடு பிய்ந்து அவர் கழுத்துக்குள் விழுந்தது. உதறிவிடப் போன என் முகத்திலும் ஏறிற்று. பால்வெட்டுச் சனமெல்லாம் பார்த்திருக்க, துரை சட்டையைக் கழற்றிப் போட்டு, "கிராணி, ஒனக்கு மூளை இருக்கா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதிய சேவகத்தில் என்னை எவரும் கேட்காத கேள்வி.

ஆகையால் தம்பி, வாகீஸ்வரிக்கும் உமக்கும் பேசிய சம்பந்தம் இத்தோடு சரி. வேறிடத்தில் நல்ல பெண் அமைந்து நீர் பிள்ளைகுட்டியோடு வாழ மாவிட்டபுரத்து முருகன் துணை செய்வாராக.

இப்படிக்கு,
விசுவலிங்கம்

பி.கு.: இதைக் கைப்பட எழுதினது நான், வாகீஸ்வரி. முசுறு கடித்து அப்பாவின் கண்ணிரண்டும் வீங்கி மூடிவிட்டன. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றவில்லை, தடவித் தடவிக் கையெழுத்தும் அவர்தான் வைத்தார். மண்ணெண்ணெயில் போனவை பொறிவண்டின் குஞ்சுகள். முட்டையிலிருந்து வந்ததை நான் பார்த்தேன். ஆறு குஞ்சை ஒளித்துக் கிணற்றடிக் கொடியில் விட்டு, எறும்பு ஏறாமல் அடியில் சாம்பல் போட்டேன். அதில் இன்று அழுக்கணவன் ஒன்றுகூட இல்லை. சம்பந்தத்தைப் பற்றி என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சம்மதம். வீக்கம் வற்ற ஒரு கிழமையாகும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொல்கிறார். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு வந்து நாள் குறித்துவிட்டுப் போங்கள்.