ஐந்தாம் மாடியில் என் பெயர் ஹாரியட்

கார்டிஃப்,
வியாழன் மாலை

அன்பும் மரியாதையும் உரிய க்ளெனிஸ் சித்திக்கு எலின் எழுதுவது. சித்தப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம். யாராக நலம் என்பதில்தான் குழப்பம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கும் நிலையில் நான் இல்லை.

பிரிஸ்டலில் இலக்கியம் படிக்கக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வேலையும் தொழில்நுட்பப் பட்டமும் சேர்ந்தே வரும் இந்தப் பயிற்சிக்கு வந்தபோது, அம்மாவிடம் எனக்காக வாதாடிய ஒரே ஆள் நீங்கள். நாளை என் தகுதிகாண் காலம் முடிகிறது. குழுத் தலைவர் நல்ல வார்த்தை சொன்னால்தான் வேலை நிலைக்கும். வேலை போனால் கம்பெனி செலவில் படிக்கும் படிப்பும் போய்விடும். அந்த நல்ல வார்த்தையைச் சொல்ல வேண்டிய டெனீஸ் என்பவர் இதுவரை என் முகத்தைப் பார்த்ததே இல்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் என்னை நான்காம் மாடிக்கு, டெனீஸின் குழுவுக்குப் போகச் சொன்னார்கள். லிஃப்டில் கூட்டம், நான் பின்னால் மாட்டிக்கொண்டேன், முன்னால் நிற்பவர்களை விலகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எல்லோரும் இறங்கிய ஐந்தாம் மாடியிலேயே நானும் இறங்கினேன். அங்கே ஒரு குழு வட்டமாக நின்று காலைக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தது. படிக்கட்டைத் தேடி அவர்களைக் கடந்தபோது தலைவர் ஹ்யூ, “வந்துட்டியா ஹாரியட், வாம்மா, இப்படி வந்து நில்லு” என்றார். பேசுகிறவரைக் குறுக்கிடக் கூடாதே என்று நின்றேன். முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். முடிந்ததும் ஹ்யூவே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். டீயை வாங்கிக் குடித்த பிறகு நான் அவள் இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? மறுநாள் சொல்லப் போனேன். அதற்குள் ஹாரியட் என்று மஞ்சள் சீட்டில் எழுதி, எனக்கான வேலையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எந்நேரமும் திரும்பியே கிடக்கிறது. அடுத்தவர் அட்டையை உற்றுப் பார்ப்பது இங்கே மரியாதை இல்லை.

வேலை என்னவென்றால், ஒரு தண்ணீர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தைச் சோதிப்பது. இல்லாத வாடிக்கையாளர்களை உருவாக்கி, அவர்கள் பெயரில் உள்ளே நுழைந்து, எங்கே உடைகிறது என்று பார்க்க வேண்டும். இல்லாத ஆட்களை, அவர்களைவிட இல்லாத ஒருத்தி உட்கார்ந்து உருவாக்குகிறாள். வாரத்தில் நான்கு நாள் ஹாரியட், கல்லூரி நாளில் மட்டும் எலின். “நேர்காணல்ல வாய் ஓயாம பேசினியாமே, இங்க வந்து ஏம்மா இப்படி ஊமையாயிட்ட?” என்று ஹ்யூ கவலைப்படுகிறார். என்ன சொல்ல? ஊர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மறுநாள் ஆளுக்கொரு இருமல் மருந்து கொண்டுவந்தார்கள்.

இதைவிடப் புரியாத ஒன்று உண்டு. வாரக் கடைசியில் டெனீஸிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வரும். “இந்த வாரம் அசத்திட்ட எலின்.” நான் அந்தப் பக்கமே போனதில்லை. ஆளைப் பார்க்காமலே எல்லோரையும் பாராட்டுவது பெரிய கம்பெனிகளின் வழக்கம்போலும் என்று, நன்றி சொல்லிப் பதில் போட்டுவந்தேன். நீங்கள் கல்லில் சுட்டு அலுவலகத்துக்கு அனுப்பிய திராட்சைக் கேக்கும் வந்து சேரவில்லை. தபால்காரரைத் திட்ட வேண்டாம். இந்தக் கட்டடத்தில் நானே வந்து சேரவில்லை.

நாளை காலை நான்காம் மாடிக்குப் போய் டெனீஸிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். அதன்பின் எனக்கு வேலை இருக்காது. அம்மாவுக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கும், என்னைவிட ஒழுங்காகத் தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கும் உங்கள் நாய்க்கும் என் அன்பு. உங்கள் அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையிலேயே எலின்

பி.கு. (வெள்ளி): கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் நான்காம் மாடிக்குப் போய்விட்டேன். “எலின் விஷயமா...” என்று டெனீஸிடம் தொடங்கினேன். “எலினா? அதோ, ஜன்னல் பக்கம் சிரிச்சிட்டிருக்காளே, அவதான்” என்றார். உயரமான, செம்பட்டை முடிக்காரி ஒருத்தி, எலின் என்று எழுதிய கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். என் அட்டை அன்றைக்குப் பார்த்து நேராகக் கிடந்தது. அதைப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போனாள். திரும்பிக் கிடந்த அவள் அட்டையைப் புரட்டினேன்: ஹாரியட்.

“நீ ஏன் சொல்லல?” என்றேன்.

“முதல் நாள் மாடி மாறி இங்க வந்துட்டேன், எலின்னு பேர் போட்டுக் கப் வாங்கி வச்சிருந்தாங்கப்பா. அப்புறம் எப்படிச் சொல்றது? நீ ஏன் சொல்லல?”

“டீ கொடுத்துட்டாங்க.”

அவள் புரிந்துகொண்டாள்.

சித்தி, நான் தேறிவிட்டேன். வாடிக்கையாளர்களிடம் துணிச்சலாகப் பேசுகிறேனாம், கொஞ்சம் அமைதி பழக வேண்டுமாம். அம்மா நம்ப மாட்டாள். ஹாரியட்டும் தேறிவிட்டாள், சோதனையில் கெட்டிக்காரி, வாயைத்தான் திறக்க வேண்டுமாம். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று இருவரும் படியேறினோம். எதிரே ஹ்யூ கேக்கோடு வந்தார், ஹாரியட் தேறியதற்காக. வெட்டாமல் எப்படிச் சொல்வது?

உங்கள் திராட்சைக் கேக் அருமையாக இருந்ததாக அவள் சொல்லச் சொன்னாள். இனி அனுப்பினால் ஹாரியட், ஐந்தாம் மாடி என்று போட்டு அனுப்புங்கள்.