தாலியோடு நான் தவறவிட்ட ஐந்து பஸ்கள்

கோச்சடை,
ஞாயிறு மாலை.

சேசு மரி சூசை துணை

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஜெரால்ட் அவர்களுக்கு, மைத்துனன் லூர்துராஜ் எழுதுவது. நான் நலம். நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் மகன் ஜெய்சன் கல்யாணத்தன்று என்னைப் பார்த்து 'சாப்பிட்டியா' என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. நியாயம்தான். ஆனாலும் நடந்ததைக் கேளுங்கள்.

முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன் நான். எந்தக் கோப்பு வந்தாலும் 'மேலிட முடிவுக்கு' என்று எழுதி அனுப்பிவிடுவேன். வீட்டில் மேலிடம் என் மனைவி அற்புதமேரி. ஓய்வுபெற்ற பிறகாவது நாமே முடிவெடுப்போம் என்று அதற்கான இரண்டு நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். அவசரப்படாதே, நல்லது கெட்டதை இரு பக்கமாக எழுதிப் பார், அனுபவசாலியைக் கேள், வெறும் வயிற்றில் முடிவெடுக்காதே என்றார்கள். நோட்டும் கொடுத்தார்கள். மறுவாரமே கல்யாணம். எல்லாரும் முதல் நாளே போய்விட, ஆசாரியிடம் தாலியை வாங்கி, உசிலம்பட்டி மாதா கோயிலுக்குப் பத்தரைக்குள் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.

ஆரப்பாளையத்தில் ஏழு மணிக்கே நின்றேன் மச்சான், சத்தியமாக. முதல் பஸ்ஸில் முன் டயர் வழுக்கை. இரண்டாவதில் டிரைவருக்குக் கொட்டாவி. மூன்றாவதில் எல்லாம் சரி, சீட்டு மட்டும் வெயில் பக்கம். ஒவ்வொன்றையும் எழுதினேன். நான்காவது பஸ் கண்டக்டர் இறங்கியே வந்துவிட்டார். "சார், ஏறுறீகளா, இல்ல பஸ்ஸப் பொண்ணு பாக்க வந்தீகளா?" அவசரப்படுத்துகிறார் என்று அவரையும் கெட்டது பக்கத்தில் எழுதினேன். காய்கறி மூட்டையோடு நின்ற அலங்காநல்லூர் விருமாண்டி அனுபவசாலியாகத் தெரிந்தார். கேட்டேன். "இதுக்கு எதுக்குண்ணே இம்புட்டு யோசனை? வந்ததுல ஏறணும், ஊர் வந்தா எறங்கணும்" என்றவர் ஐந்தாவதில் ஏறிப் போய்விட்டார். அப்புறம்தான் வெறும் வயிறு ஞாபகம் வந்தது. இட்லியா பொங்கலா என்பதிலேயே இருபது நிமிடம்.

ஒன்பதேகாலுக்கு ஒரு பஸ் வந்தது. புது டயர், நிழல் பக்கம் ஜன்னல், பாட்டுச் சத்தமே இல்லை. ஏறினேன். டிக்கெட் வாங்கும்போதுதான் தெரிந்தது, அது இடையில் எங்கும் நிற்காத தேனி வண்டி. நான் போர்டைப் படிக்கவில்லை. உசிலம்பட்டியில் நிறுத்தச் சொல்லலாமா? சொன்னால் தாலி நேரத்துக்குப் போகும். ஆனால் ஐம்பது பேருக்குத் தாமதம். எழுத ஆரம்பித்தேன். நிமிர்ந்தால் உசிலம்பட்டி. ஜன்னலுக்கு வெளியே கோயில் வாசலில் பட்டுவேட்டியோடு நீங்கள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் கையாட்டினேன். யாரோ என்று நீங்களும் ஆட்டினீர்கள். நோட்டை மூடும்போது ஆண்டிபட்டிக் கணவாய் வந்துவிட்டது.

கூச்சல் போட்டு வண்டியை நிறுத்தி இறங்கி, லாரி பிடித்து வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்கா அழுததும், பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்ததும் பிறகுதான் தெரியும். "அவரு வாரதுக்குள்ள பிள்ளைக்குப் பேரே வச்சிரலாம்" என்று அற்புதமேரி தன் செயினில் இருந்த சிலுவையைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் கோத்து, மந்திரிக்க அவரிடம் கொடுத்தாளாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். சட்டைப்பையில் தாலியை வைத்துக்கொண்டு பிரியாணியை என்னால் முழுங்க முடியலை மச்சான்.

அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். இனி எதுவானாலும் அற்புதமேரி மாதிரி ஒரே நிமிடம்தான். மன்னித்து, அக்காவையும் என்னோடு பேசச் சொல்லுங்கள். மணமக்களை மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தலைநிமிர முடியாத
லூர்துராஜ்

பி.கு.: இன்று காலை பூசை முடிந்ததும் ஒருவர் உங்கள் மகள் ஆன்மேரிக்கு வரன் இருப்பதாகச் சொன்னார். ஒரே நிமிடத்தில் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிறு இருபத்திரண்டு பேர் உங்க வீட்டுக்குப் பூ வைக்க வாராங்க. மாப்பிள்ளை பேரைத்தான் கேக்க விட்டுப்போச்சு.