மாப்பிள்ளையின் வரிமீன்கள் முட்டையிட்ட விவரம்

நாகல் நகர், திண்டுக்கல்
28-10-1963

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை கண்ணுசாமி அவர்களுக்கு, மாமனார் சடையாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் அத்தையும் சௌகரியம். அவ்விடம் தாங்களும் பொன்னழகும் சௌகரியமாக இருக்க முருகன் துணை. மீன்களின் சௌகரியம் பின்வருமாறு.

போன வருஷம் சேலத்துக்கு மாற்றலாகிப் போகும்போது கண்ணாடித் தொட்டியை என்னிடம் விட்டுப் போனீர்கள். தீபாவளிக்கு வந்தபோது ஒரு மீன் செத்திருந்ததால் இலையில் உட்காராமலே பஸ் ஏறினீர்கள். இந்தத் தடவை மீன் குஞ்சு பொரித்திருந்தால்தான் வருவீர்கள் என்று பொன்னழகு அழுது எழுதியிருந்தாள். உயிருள்ள தீனியும், புது மழை போலக் குளிர்ந்த தண்ணீரும், காலை வெயிலும் கிடைத்தால் மீன்கள் முட்டையிடும் என்று தாங்கள் எழுதியபடியே செய்தேன். தீனிக்காகக் கொல்லையில் சாடி வைத்துக் கொசுப்புழு வளர்த்தேன். முப்பது வருஷம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்து ஊரார் சாடிகளைக் கவிழ்த்தவன் நான். இப்போது அந்த வேலையில் இருக்கும் பாக்கியராஜ், நான் பழக்கிவிட்ட பிள்ளை, வந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "மாப்பிள்ளை மீனுக்குப்பா" என்றேன். "எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தான் சார் செய்றாங்க" என்று சாடியைக் கவிழ்த்துவிட்டுப் போனான்.

அடுத்து மழைத்தண்ணீர். நம்மூர்க் கிணற்று உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது என்று தங்கள் அத்தை ஒரு அண்டா மழைத்தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தாள். தினம் இரண்டு செம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அண்டாவில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வந்தேன். நாலாம் நாள் பிடிபட்டேன். "பருப்பு வேகலையேன்னு அடுப்பை வஞ்சுக்கிட்டு இருந்தேன். மீனுக்கு மழைத்தண்ணி, மனுசனுக்கு உப்புத்தண்ணியா?" என்றாள். அன்றிலிருந்து பேச்சில்லை. தொட்டியைக் கிழக்கு ஜன்னலுக்கு நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, தொட்டியில் பாசி பிடித்தது, முட்டை மட்டும் இல்லை. போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. ஓடு ஒழுகி நேரே தொட்டிக்குள் சொட்டியது. பாத்திரம் வைக்கக்கூட நான் எழுந்திருக்கவில்லை. விடிந்து பார்த்தால் ஆண்மீன்கள் பெண்மீன்களை விரட்டு விரட்டென்று விரட்டுகின்றன, அடியில் ரவை சிந்தின மாதிரி முட்டை. கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டு வருவதற்குள் பெற்றதுகளே அம்புட்டையும் தின்றுவிட்டன.

மாப்பிள்ளை, என்னால் ஏலவில்லை. குஞ்சு இல்லையென்று கோபிக்காமல் தீபாவளிக்கு அவசியம் வந்து, போகும்போது தொட்டியையும் எடுத்துப் போகவும். வேட்டி எடுத்தாயிற்று. தங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சடையாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் அத்தை, "ஏங்க, செத்த நேரம் மூச்சு விடாம வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். பாசிக்குள் தப்பிய முட்டைகள் போலிருக்கிறது. மயிரிழை தடிமனில், இரண்டு கண்ணோடு, எண்ணிப் பார்த்ததில் முப்பத்தொன்று. பெரிய மீன்களை அவளே குண்டானுக்கு மாற்றிவிட்டாள். ஆகையால் தாங்கள் தீபாவளிக்கு வர வேண்டாம். தங்கள் நடையின் அதிர்வு குஞ்சுகளுக்கு ஆகாது என்பது அத்தையின் அபிப்பிராயம். பொன்னழகை மட்டும் அனுப்பவும். அவள் மெதுவாக நடப்பாள்.