அழிச்சுப்போடு அக்கா

படம் எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு. படத்தை அழிக்கச் சொல்லியே பேர் வாங்கியவர், உலகத்திலேயே கொல்லங்கோட்டுப் போட்டோகிராபர் அழிச்சுப்போடு அக்கா ஒருவர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊருக்கே அக்கா.

கோவை ஸ்டுடியோ வேலையை விட்டு, கோவிந்தாபுரத்தில் தனியாகக் கல்யாணப் படம் எடுக்கத் தொடங்கியிருந்தேன். ஸ்டுடியோவில் திட்டுவதற்கு முதலாளி இருந்தார். தனியாக வந்தபின் என் தப்பைச் சொல்ல ஆளில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

அவர் லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எப்போதும் அப்படித்தான்; தலைகீழாகப் பார்த்தால் ஆள் மறந்து, படத்தில் எது முந்தித் தெரிகிறது என்று பிடிபடுமாம்.

"ஏனுங்ணா, இதுல எதைப் பாக்கோணும்?"

"பொண்ணத்தானுங்க."

"எனக்கு டியூப்லைட்டுதான் தெரியுது. அழிச்சுப்போடுங்க."

முன்னூறு படத்தில் நான்கு மிஞ்சின. நான்காவதைப் பாவம் பார்த்து விட்டார்.

மாதாமாதம் போனேன். கை தேறியது. ஒரு கல்யாணத்துக்கு, "ஓரமா நின்னு பாக்கறேனுங்க" என்று அவரே வந்தார். ஓரமாகவா நின்றார்? தாலி கட்டும் நேரத்தில் மேடைக்குக் கீழேயிருந்து அக்காவின் கத்தல்: "அண்ணா, பொண்ணோட அம்மாவப் பாருங்க!"

திரும்பினேன். வழிகிற கண்ணைத் துடைக்காமல், மகளின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார் அந்தம்மா. எடுத்தேன்.

பெண்ணின் அப்பா முறைத்தார். "யாருங்க இந்தப் புள்ள?"

"நம்ம ஹெல்ப்பருங்க."

ஒரு பெண்ணிடம் தொழில் கற்கிறேன் என்று சொல்ல நாற்பத்தெட்டு வயது ஆம்பிளைக்கு நாக்கு எழவில்லை. அக்காவுக்கு அது கேட்டது. என் காமிராப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். பந்தி முடியும்வரை இறக்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் கல்யாண வீடே கொண்டாடியது. "இது எப்படிங்க உங்க கண்ணுல பட்டுச்சு?" என்றார் பெண்ணின் அப்பா. சிரித்துவைத்தேன். முன்னதைவிட இது கேவலம்.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா வீட்டில் கல்யாணப் படம் எடுக்கச் சொல்லி இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "அன்னைக்கு எனக்கு வேற வேலைங்க. இவரக் கூப்பிடுங்க, நல்லா எடுப்பாரு" என்று என்னைக் காட்டினார். தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர்கள் போனதும், "உங்கள ஹெல்ப்பர்னு சொன்னது தப்புங்க" என்றேன்.

"தெரியுமுங்க. ஊட்டுக்கு வந்து அழுதேன்" என்றார். அவ்வளவுதான். டீ போட உள்ளே போனார்.

அவர் திரும்புவதற்குள் அன்றைய கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் செய்து, அந்தப் படத்தைப் பார்த்த கண் யாருடையது என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த டீ என் தொண்டையில் இறங்கியிருக்காது.