அரசாங்கப் பூனையும் எங்கள் வீட்டுக் கோழிகளும்

தன் கையாலேயே ஒரு பொருளைச் செய்து முடித்த மனிதனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய கதிரை உட்காரும்போது ஆடினால் அவன் கடைக்காரனைத் திட்டுவான். தானே செய்த கதிரை ஆடினால், தரை சரியில்லை என்பான். நான் செய்தது கதிரை அல்ல, கோழிக்கூடு. அது ஆடவே இல்லை. ஆடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்டியிலிருந்து வந்தால் திகனவுக்குக் கொஞ்சம் முன்னால், மகாவலி ஆற்றுக்கு இறங்கும் ஓர் ஓடையின் பக்கத்தில் எங்கள் வீடு. நாட்டில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபோது என் மனைவி செல்வி கோழி வளர்க்கத் தொடங்கினாள். குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் விட்டு, மின்குமிழால் சூடு காட்டி, ஆளுக்கொரு பெயர் வைத்து வளர்த்தாள். மகாராணி, கறுப்பி, புஷ்பம். எல்லோரையும் அதட்டிக்கொண்டே திரிந்த ஒன்றுக்கு நான் ‘டீச்சர்’ என்று பெயர் வைத்தேன். (செல்வி பள்ளிக்கூட ஆசிரியை. அந்தப் பெயர் ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் கோழிகள் இருந்தன. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை தந்துவிட்டு வேலைக்குப் போகிறவள், கறுப்பி தும்மினால் லீவு போட்டாள்.

பிறகு கோழிகள் குறையத் தொடங்கின. காலையில் போய்ப் பார்த்தால் பழைய பலகைக் கூட்டில் ஓர் ஓட்டையும், வெளியே கொஞ்சம் இறகும் இருக்கும். நாய் என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு நஸீர் நானாதான் உண்மையைக் கண்டுபிடித்தார். திகனவில் புடவைக்கடை வைத்திருப்பவர். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு ஓடைப் பக்கம் நடப்பது அவருடைய வழக்கம்.

“தம்பி, அது நாயுமில்ல, மரநாயுமில்ல. அந்துன் திவியா. ஓடைல மீன் புடிச்சிட்டு ஈந்திச்சி. நான் என்ட கண்ணால கண்ட.”

சிங்களத்தில் அப்படிச் சொல்வது மீன்பிடிப் பூனையை. வீட்டுப் பூனையைவிட இரண்டு மடங்கு பெரிது. உடம்பெல்லாம் சிறுத்தையைப்போலப் புள்ளி. மீன் பிடிப்பது அதன் தொழில், கோழி பிடிப்பது பொழுதுபோக்கு.

“ஏதாவது பொறி வைக்கலாமா நானா?”

“வெச்சிராதீங்க. ஒங்கட கோழிக்குச் சட்டமில்ல, அதுக்குச் சட்டம் ஈக்கி. உள்ள போட்டிருவாங்க.”

நம்பாமல் வனஜீவராசிகள் கந்தோருக்கே போய்க் கேட்டேன். பண்டார என்ற உத்தியோகத்தர், நல்ல மனிதர், எனக்காகத் தமிழிலேயே பேசினார். “அடிக்க ஏலாது மாத்தயா. புடிக்க ஏலாது. வளக்க ஏலாது. கூட்ட நல்லாக் கட்டுங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவன். பாதுகாப்பைப் பற்றிப் பகல் முழுவதும் மற்றவர்களுக்குப் பேசிப் பேசி, அதில் நானே நிபுணன் என்று நம்பியிருந்த காலம் அது. அக்குறணைக்குப் போய் ஹாட்வெயார் கடையில் இருந்ததிலேயே தடித்த கம்பிவலையை வாங்கினேன். அடியில் தோண்டி உள்ளே வராதபடி வலையை மண்ணுக்குள் இறக்கினேன். மேலே தகரம், முன்னால் இரட்டைக் கதவு, கதவில் ஆமைப்பூட்டு. பின்பக்கம் முட்டையிட ஆழமான பலகைப் பெட்டி ஒன்று, வைக்கோல் போட்டு. நஸீர் நானா கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “ஜெயில்லயும் இப்பிடி இல்ல தம்பி” என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கூட்டில் கோழிகள் நிம்மதியாகவே இருந்தன, செல்வியின் தங்கைக்குப் பிரசவம் வரும்வரை. செல்வி ஹட்டனுக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று சொன்னாள்:

“பொழுது சாய அதுங்களே உள்ள போயிரும். நீங்க பூட்டினா மட்டும் போதுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.” கொஞ்சம் யோசித்து, “செய்யாதீங்க” என்றும் சொன்னாள்.

அவள் திரும்பி வருவதற்கு முதல்நாள் பகலெல்லாம் மழை தூறியது. மாலையில் நான் வேலை முடிந்து வந்தபோது கூடு திறந்து கிடந்தது. பகலில் அப்படித்தான் இருக்கும். கோழிகள் எல்லாம் வெளியே நனைந்துகொண்டு நின்றன.

“உள்ள போங்க” என்றேன். போகவில்லை. சோளம் போட்டேன். வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, பின்வாங்கின. ஒரு பெரிய கூட்டைக் கட்டிக் கொடுத்தவன் மழையில் நிற்க, அதற்குள் போக இவற்றுக்கு என்ன வலிக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்தேன். கறுப்பி என் கையைக் கொத்தியது. மகாராணி இரண்டு காலையும் கதவுச்சட்டத்தில் ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. காலை எடுத்துவிட்டுத் தள்ளினேன். புஷ்பத்தைத் தள்ளும்போது, “ஒங்க நல்லதுக்குத்தான் செய்றேன்” என்றுகூடச் சொன்னேன். (இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.) டீச்சர் மட்டும் கொய்யா மரத்தில் ஏறிவிட்டது. “செத்துப் போ” என்று அதைத் திட்டிவிட்டு, மற்றவற்றைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனேன். மழை வலுத்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

காலையில் டீச்சர் கொய்யா மரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டுக்குள் இறகுகள். முட்டைப் பெட்டிக்குள், வைக்கோலின்மேல், வயிறு புடைத்த அந்துன் திவியா. மழைக்கு ஒதுங்கிப் பகலிலேயே வந்து படுத்திருக்கிறது. அதுவும் வெளியே போகத்தான் பார்த்திருக்கிறது பாவம். வலையை எல்லாப் பக்கமும் பிறாண்டிய தடம் இருந்தது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒரு கம்பிகூட வளையவில்லை.

கதவைத் திறக்கப் பக்கத்தில் போனேன். அது காதுகளை மடக்கி ஒரு சத்தம் போட்டது. அடுத்த கணம் நான் சமையலறையில் இருந்தேன்.

கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். (அரச அலுவலகத்துக்கு அழைத்து, ‘எங்கள் வீட்டில் புலி மாதிரி ஒன்று இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன் பல முறை யோசிக்கும் தமிழர்களில் நானும் ஒருவன்.) எடுத்தது பண்டாரதான்.

“கூட்டுக்குள்ள வந்திட்டுதா? எப்பிடி வந்தது?”

“கதவால.”

“அப்ப கதவு?”

“பூட்டியிருக்கு.”

“யார் பூட்டினது?”

“நான்தான்.”

“மாத்தயா, வளக்க ஏலாதுன்னு நான் சொன்னதானே” என்றார்.

அவர் வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. சிலர் மதிலில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். நஸீர் நானா கூட்டத்தைத் தள்ளிவைக்கப் பார்த்தார். “எல்லாரும் போங்க, தம்பி அறியாமச் செஞ்ச வேல” என்று அவர் சொல்லச் சொல்ல, நான் எதையோ செய்துவிட்டேன் என்பது ஊருக்கு உறுதியானது.

பண்டார வந்து பார்த்தார். வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை: கதவைத் திறந்துவைத்துவிட்டு எல்லோரும் விலகினால் அது தானாகப் போய்விடும். அவர் கதவைத் திறந்துவைத்தார். ஆனால் யாரும் விலகவில்லை. ஆள் நிற்கும்வரை அது வெளியே வரவில்லை. அது வரும்வரை ஆட்கள் போகவில்லை. என் வீட்டு முற்றத்தில், என்னைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் செல்வியின் ஓட்டோ வந்து நின்றது. சந்தியில் ஏறும்போதே ஓட்டோக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார்: “ஒரு ஆளு வீட்டுல புலி வளத்து மாட்டிக்கிட்டானாம், அக்கா.” “என்ன மாதிரியான மனுஷனுங்க எல்லாம் இருக்கானுங்க” என்று இவளும் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் படலைக்கு முன்னால் இறங்கும்போது சிரிக்கவில்லை.

அவள் வகுப்பை அடக்குகிற குரலில் ஒரே ஒரு தடவை, “எல்லாரும் வெளிய போங்க” என்றாள். போனார்கள். பண்டாரவும் போனார். நானும் போனேன்.

பிறகு அவள் என்னை வீட்டுக்குள் கூப்பிட, இருவரும் ஜன்னலால் பார்த்தோம். அது பெட்டியிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து, விருந்துக்கு வந்தவர் விடைபெறுவதுபோல மெதுவாக நடந்து ஓடைப் பக்கம் போனது.

செல்வி கூட்டுக்குள் போய் நின்றாள். வெகுநேரம் குனிந்து இறகுகளைப் பொறுக்கினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளாகக் கேட்டாள்:

“பூட்டுறதுக்கு முன்னால உள்ள பாக்கலையா நீங்க?”

நான் கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. அன்று ஹட்டனில் பிறந்த பிள்ளை இப்போது நன்றாகப் பேசுகிறாள். போன டிசம்பரில் நத்தார் லீவுக்கு வந்திருந்தபோது எல்லோரும் கண்டிக்குப் போகப் புறப்பட்டோம். நான் வீட்டைப் பூட்டச் சாவியை எடுத்தேன். அந்தச் சின்னது ஓட்டோவிலிருந்தபடியே, அவளுடைய அம்மாவையும் பெரியம்மாவையும் முந்திக்கொண்டு, “பெரியப்பா, உள்ள பாத்தீங்களா?” என்றது. ஓட்டோக்காரர்கூடச் சிரித்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். எல்லா அறைகளையும் பார்த்தேன். அலுமாரியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்து பூட்டினேன்.