தேவராஜின் ஃபர்ஸ்ட் ஷிப்ட்

சிரிக்க ஒரு விஷயம் இருக்கிறது. சொல்லத்தான் போகிறோம். ஆனால் மணி இப்போது காலை ஏழரை, தேவராஜ் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்திருக்காமல் கதையை எப்படி நகர்த்துவது? கொஞ்சம் பொறுங்கள்.

ஏழே முக்கால். இடப்பக்கம் புரண்டு படுத்தார்.

ஏழு ஐம்பது. வலப்பக்கம் புரண்டார். அதாவது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்.

எட்டு. எழுந்தார். இப்போதாவது சிரிப்பு வருமா என்றால், வராது. அவர் பல் தேய்க்க வேண்டும்.

காட்டுப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற கம்பெனிக்குப் போகிறவர் தேவராஜ். ஜெனரல் ஷிப்ட். ஒன்பதே காலுக்கு உள்ளே இருந்தால் போதும். எட்டுக்கு எழுந்து, குளித்தேன் என்று பேர் பண்ணி, இட்லியை மெல்லாமல் விழுங்கி, எட்டரைக்கு வண்டியை உதைத்தால் சரியாக இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே இருக்கிற அரை மணித் தூக்கம்தான் அவருடைய சொத்து. ராத்திரி முழுக்கத் தூங்குவது உடம்புக்கு. அந்த அரை மணி ஆத்மாவுக்கு.

அந்த அரை மணிக்குத்தான் ஆபத்து வந்தது. ஜூன் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் ஸ்கூல் திறப்பு. ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிற மகள் கிருஷ்ணப்பிரியா, புது ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டில் மேல் நடந்து பழகிக்கொண்டிருந்தாள். தரை பூராவும் பிரவுன் ஷீட். மனைவி வடிவு நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். தேவராஜும் உதவினார். காகிதத்தின் ஒரு முனையைக் கால் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மீதி உடம்பால் செல்போன் பார்த்தார்.

வடிவு கத்தரிக்கோலிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"இன்னாங்க, நாளைலேர்ந்து பாப்பாவ நீங்கதான் ஸ்கூல்ல உடணும். எட்டு மணிக்குக் கெளம்பினா போதும்."

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏழரைக்கு எழ வேண்டும். கட்டை விரல் தானாக விட்டுவிட்டது. பிரவுன் ஷீட் சுருண்டுகொண்டது.

தேவராஜின் மூளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓடும். ஓடினால் நிற்காது. மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொன்னால் ஏன் என்று கேட்பாள். கம்பெனியைத்தான் இழுக்க வேண்டும். நைட் ஷிப்ட் என்றால் காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து நிற்பார், அப்படியே பாப்பாவை விட்டுவிட்டு வந்து தூங்குங்கள் என்பாள். செகண்ட் ஷிப்ட் என்றால் காலை முழுக்க வீட்டில் கிடப்பார், அது இன்னும் மோசம். காலை எட்டு மணிக்கு ஒரு புருஷன் வீட்டிலேயே இருக்க முடியாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாமலே நம்பவைக்க உலகத்தில் ஒரே வழிதான் உண்டு.

"சொல்லவே மறந்துட்டேன் வடிவு. நாளைலேர்ந்து என்னை ஃபர்ஸ்ட் ஷிப்ட்ல போட்டுட்டானுங்க."

"அப்டியா. எத்தினி மணிக்கு?"

"ஆறுக்கு. அஞ்சுக்கே கெளம்பணும்."

"இடுப்பு வலின்னு எழுதிக் குடுத்துத்தானே ஜெனரலுக்கு மாத்திக்கினீங்க?"

"அது சரியாயிடுச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"எப்போ போனீங்க டாக்டராண்ட?"

"போகல. போன்ல."

"போன்ல இடுப்பப் பாத்தாரா?"

"வீடியோ காலு."

வடிவு கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, பாவம் என்று உச்சுக் கொட்டினாள். பாப்பாவைத் தான் எப்படியாவது பார்த்துக்கொள்வதாகவும், அவர் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். சொன்ன கையோடு அவருடைய செல்போனை வாங்கி நாலே காலுக்கு அலாரம் வைத்துக் கொடுத்தாள்.

அப்போதுதான் தேவராஜுக்கு உறைத்தது. ஐந்து மணிக்குக் கிளம்புகிறவன் நாலே காலுக்கு எழுந்தாக வேண்டும். ஏழரை மணியைக் காப்பாற்றப் போய் நாலே காலைப் பறிகொடுத்திருந்தார்.

முதல் வாரம் பொன்னான வாரம். விடிவதற்கு முன்னால் வடிவு டீ போட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, வாசல் வரை வந்து வழியனுப்பினாள். எதிர்வீட்டு நாய் மட்டும் சந்தேகமாகப் பார்த்தது. ஐந்து மணிக்கு வெளியே வந்துவிட்டார். கம்பெனியோ ஒன்பதே காலுக்கு. நடுவில் நாலு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கத்து நிழற்குடையில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தொலைக்கப்போகிறார்கள் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே அதில் சாய்ந்து தூங்கினார்.

புதன்கிழமை ஒரு கண்டக்டர் தட்டி எழுப்பினார். "அண்ணாத்தே, மூணு நாளாப் பாத்துக்கினு கீறேன். பஸ்ல போறதுக்கே ஹெல்மெட்டு போட்டுக்கினு ஒக்காந்துகினு கீற. எங்க டிரைவர் மேல அவ்ளோ நம்பிக்கையா?"

தேவராஜ் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, வெயில் ஆகாது என்றார். வெயில் இன்னும் வந்திருக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியும். தேவராஜ் வீட்டுக்கு வந்ததோ ஏழு மணிக்கு. புது மிஷின் வந்திருக்கிறது, ஒரு வாரம் கூட நின்று பழகச் சொல்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பதில் செய்துவைத்திருந்தார். வடிவு குறுக்கே எதுவும் கேட்கவில்லை. "ஒரு வாரந்தானே?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரந்தான் என்றார் இவர், பெருந்தன்மையாக.

வெள்ளிக்கிழமை ராத்திரி, பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டே வடிவு ஆரம்பித்தாள். இந்த வாரம் அரை நாள்தான் ஸ்கூல், திங்கட்கிழமையிலிருந்து முழு நாள், மூணு நாற்பதுக்கு விடுவார்கள்.

"ஒங்க ஒரு வாரம் முடிஞ்சிச்சில்ல. ரெண்டுக்கு ஷிப்ட் உட்டா மூணுக்கு இங்க வந்துடுவீங்க. பாப்பாவ நீங்களே கூட்டிகினு வந்துடுங்க."

தேவராஜ் இட்லியைத் தட்டிலேயே வைத்தார். மிஷின் இன்னும் பழகவில்லை, இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலாம் என்று இழுத்தார்.

"ரெண்டு மாசமா? இது அக்குரமங்க. நான் வேலுசாமி அண்ணனுக்கு போன் போட்டுக் கேக்கறேன். பாப்பா காதுகுத்துக்கு வந்தாரே, நம்பர் என்னாண்ட கீது."

வேலுசாமி என்பவர் கம்பெனியில் ஷிப்ட் போடுகிற சூப்பர்வைசர். அவருக்கு ஒரு போன் போனால் இவருடைய ஃபர்ஸ்ட் ஷிப்ட், புது மிஷின், வீடியோ காலில் பார்த்த இடுப்பு எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

"வேணாம் வேணாம். அவரு பாவம், பிபி ஆளு. நானே பேசிக்கறேன்."

உண்மையை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று தேவராஜ் அன்று ராத்திரி முழுக்க யோசித்தார். மானம் போகும். அதுகூடப் பரவாயில்லை, அது போன வருஷமே பாதி போய்விட்டது. ஆனால் ஏழரை மணித் தூக்கமும் சேர்ந்து போகும். சாகிற வரைக்கும் காலையில் பாப்பாவைக் கொண்டுபோய் விட வேண்டும். பொய்யைக் காப்பாற்ற ஒரே வழி, அதை உண்மையாக்கிவிடுவது. ஒரு மாசம் ஓட்டினால் வடிவே வேறு ஏற்பாடு செய்துகொள்வாள், நைசாக ஜெனரலுக்குத் திரும்பிவிடலாம். இதை அவர் திட்டம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை வேலுசாமியின் முன்னால் போய் நின்று, என்னை ஃபர்ஸ்ட் ஷிப்டில் போடுங்கள் என்றார். வேலுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். முப்பது வருஷ சர்வீஸில் ஃபர்ஸ்ட் ஷிப்டிலிருந்து என்னை எடுத்துவிடுங்கள் என்று காலில் விழுந்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"ஊட்ல எதுனா சண்டையா?"

"இல்லண்ணே. காலைல எழுந்தா ஒடம்புக்கு நல்லதாமே."

"இடுப்பு?"

"அது நல்லாக் கீதுண்ணே."

வேலுசாமி அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் ஆள் மனசு மாறிவிடுவானோ என்ற பயம். ரிஜிஸ்டரை எடுத்தார், மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார், தன் டீக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றைக் கொடுத்தார். "அடுத்த மே மாசம் வரைக்கும் மாத்துன்னு சொல்லிகினு என்னாண்ட வராத மாமே" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை. இந்தத் தடவை நிஜமான நாலே கால், நிஜமான ஆறு மணி, நிஜமான வேலை. ரெண்டு பத்துக்கு வெளியே வந்ததும் போன் அடித்தது. வீட்டுக்கு வர வேண்டாம், நேராக ஸ்கூலுக்கே போய்விடுங்கள் என்று சொல்லி வடிவு வைத்துவிட்டாள்.

ஸ்கூல் கேட்டுக்கு வெளியே ஒரு புங்க மரம். அதன் நிழலில் பதினைந்து இருபது அம்மாக்கள். நடுவில் எண்ணெய்க் கையோடு, ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேவராஜ் மட்டும் ஆம்பளை. பேச்சு பறந்தது. ஒருத்தியின் மகன் புது வாட்டர் பாட்டிலின் மூடியை முதல் நாளே தொலைத்துவிட்டான். இன்னொருத்தி, மகன் வளர்வான் என்று யூனிஃபார்மை ரெண்டு சைஸ் பெரிசாக எடுத்து, இப்போது அவனை அதற்குள் தேடிக்கொண்டிருக்கிறாள். பூந்தமல்லியில் எந்தக் கடையிலும் பிரவுன் ஷீட் இல்லை. எலுமிச்சை சாதம் போனபடியே திரும்பி வருகிறது. இவரும் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

பஞ்சவர்ணம் என்ற அம்மா இவரை அடையாளம் கண்டுகொண்டாள். இவள் மகளும் கிருஷ்ணப்பிரியாவும் ஒரே பெஞ்ச்.

"நீங்கதானே வடிவோட ஊட்டுக்காரரு? இன்னிக்குத்தானே அது மெடிக்கல் ஷாப்புல சேருது? மூணுலேர்ந்து ஏழு. கெளம்பிப் போயிடுச்சா?"

தேவராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால், நான்தான் போகச் சொன்னேன் என்றார்.

"நல்ல மனுசங்க நீங்க. காலைலன்னா தொல்லையே இல்ல, ஒங்க தெருவுல கீற கனிமொழி அவங்க புள்ளயோட பாப்பாவையும் ஸ்கூட்டில ஏத்திகினு வந்து உட்டுடறாங்க. போன வருசத்துலேர்ந்தே நான் உடறேன், நான் உடறேன்னு சொல்லிகினுதானே கீறாங்க. சாயங்காலத்துக்குத்தான் ஆளு இல்லாம வடிவு தவிச்சிகினு இருந்துச்சு."

"ஆமா" என்றார் தேவராஜ். குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. காலையில் கொண்டுவிட கனிமொழி இருக்கிறாள். போன வருஷத்திலிருந்தே இருக்கிறாள். பின்னே வடிவு தன்னை எதற்குக் கேட்டாள்?

அதற்குள் மணி அடித்தது. வாட்ச்மேன் பூபாலன் கேட்டுக் கதவைத் திறந்து, கூட்டிப்போகிறவர்கள் அட்டையைக் காட்ட வேண்டும், அட்டை இல்லாமல் குழந்தையை அனுப்புவதில்லை என்றார். தேவராஜின் முகத்தில் பத்து நாளில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. அட்டை இல்லையே, அப்படியானால் நாளையிலிருந்து வடிவுதானே வர வேண்டும் என்று மலர்ந்த முகத்தோடு கேட்டார்.

"கொழந்த பேரு இன்னா சார்?"

சொன்னார். பூபாலன் ஒரு தகர டப்பாவைத் திறந்து துழாவினார்.

"இதோ கீதே. நீங்க மறந்துடுவீங்கன்னு ஊட்டம்மா இங்கயே குடுத்து வெச்சிட்டாங்க."

அட்டையைப் பார்த்தார். தேவராஜைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். முகத்தில் சந்தேகம்.

"சார், கொஞ்சம் கண்ண மூடு."

"இன்னாத்துக்கு?"

"மூடு சார், ஆளு பாக்கணுமில்ல."

மூடினார்.

"வாயக் கொஞ்சம் தொற."

திறந்தார். புங்க மரத்தடியில் பேச்சு நின்றுபோனது.

"ஆங். நீதான். போ சார்."

சிரிப்பதாக இருந்தால் இப்போது சிரித்துக்கொள்ளலாம். இருபது அம்மாக்களும் சிரித்துவிட்டார்கள்.

தேவராஜ் அட்டையை வாங்கிப் பார்த்தார். பாஸ்போர்ட் சைஸில் அவருடைய முகம். கண் மூடி, வாய் பிளந்து, தலைக்குப் பின்னால் மயில் போட்ட தலையணை உறை, ஒரு பக்கமாக விழுகிற காலை ஏழரை மணி வெயில். கீழே, அழைத்துச் செல்பவர் தந்தை. நேரம் மாலை 3.40. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை செல்லும். அதற்கும் கீழே அட்டை கொடுத்த தேதி. மே ஒன்பது.

சாயங்காலம் வா என்று கேட்டிருந்தால் ஓவர்டைம் என்றிருப்பார். அதனால்தான் காலையில் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். காலை என்றால் இந்த மனுஷன் நைட்டும் சொல்ல முடியாது, செகண்டும் சொல்ல முடியாது, ஃபர்ஸ்ட் ஷிப்ட்தான் சொல்லியாக வேண்டும் என்று அவளும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்ற பொய் தேவராஜின் மூளையில் தோன்றியது ஜூன் ஒன்றாம் தேதி. அந்தப் பொய்க்கு வடிவு மூன்று வாரம் முன்னாலேயே போட்டோ ஒட்டி, சீல் அடித்து வாங்கி வைத்திருந்தாள்.