தீவனத் தொட்டி இருக்கும் பக்கம்

தேசத்தின் தந்தைக்குப் பாதுகாப்பு இல்லை என்பது எங்கள் ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது. அதுவரை காந்தி எங்கள் கோணமடைப்புதூர் மூணுரோட்டில், கையில் தடியோடு, ஒரு காலை முன்னால் வைத்து, எருமப்பட்டிக்கு நடந்து போகிறவர் போலச் சும்மா நின்றுகொண்டிருந்தார். நாங்களும் அவரைச் சும்மா விட்டிருந்தோம். 'தேசத் தலைவர்களின் திருவுருவச் சிலைகள் அனைத்திற்கும் அக்டோபர் இரண்டாம் தேதிக்கு முன்னர் பாதுகாப்புக் கூண்டு அமைக்கப்பட வேண்டும்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்த பிறகுதான், அவரை எவ்வளவு பெரிய ஆபத்தில் நிறுத்தி வைத்திருந்தோம் என்பது எங்களுக்கு விளங்கியது.

பேரூராட்சியின் செயல் அலுவலர் சந்திரசேகர் நல்ல மனிதர். மேலிடம் சொல்லிவிட்டால் கொட்டுகிற மழையிலும் தண்ணீர் லாரி அனுப்புவார். அவர் ஏட்டு சென்றாயனைக் கூட்டிக்கொண்டு மூணுரோட்டுக்கு வந்தார்.

"ஏட்டய்யா, இந்தச் சிலைக்கு யாரால ஆபத்து?"

"யாராலயும் இல்லீங்க சார். காக்கா மட்டும் உக்காருமுங்க."

"காக்காயை மேலே எழுத முடியாது. ஆபத்து இருந்தாத்தான் பாதுகாப்பு. பாதுகாப்பு இல்லைன்னா எனக்கு மெமோ. நல்லா யோசிச்சுப் பாருங்க."

ஏட்டு நல்லா யோசித்தார். யோசித்துக்கொண்டே நின்றவரின் கண் மாரக்காள் மேல் விழுந்தது. மாரக்காள் சிலைப் பீடத்தின் நிழலில் உட்கார்ந்து கம்மங்கூழ் விற்கிறவர். புருஷன் லாரியோடு போய்ச் சேர்ந்த பிறகு அந்த நிழல்தான் அவருக்குச் சொத்து. பஸ் நிற்கிற இடம் அது ஒன்றுதான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் கூழ் பானையிலேயே புளித்துவிடும். காலையில் கடை வைக்கும் முன், யாரிடமும் அனுமதி வாங்காமல், ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காந்தியின் தலையிலிருக்கும் காக்கை எச்சத்தைக் கழுவிவிடுவார். பிறகு மோர்மிளகாய்ப் பையை அவருடைய தடியில் மாட்டுவார்.

"இந்தப் பை யாருது?" என்றார் செயல் அலுவலர்.

"என்றதுதானுங்க சாமி. கீழ வெச்சா எறும்பு ஏறுதுன்னு மாட்டுனேன்."

"தேசப்பிதாவோட தடியிலயா?"

"அவரு ஒண்ணும் சொல்லலீங்களே."

"சிலைன்னா சொல்லாமத்தான் இருக்கும். அதைச் சம்மதம்னு எடுத்துக்கக் கூடாது."

அன்று மாலையே அறிக்கை போனது. 'சிலைக்கு அச்சுறுத்தலாக விளங்கும் சக்தி: ஒன்று. கைவசம் உள்ள பொருள்: மோர்மிளகாய்.' மறுநாள் அந்தச் சக்தி தன் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாக்கடைப் பாலத்துக்கு அப்பால் போய் உட்கார்ந்தது. அங்கே பஸ் நிற்காது. சாயங்காலம் பானை போன கனத்திலேயே திரும்பி வந்தது.

அடுத்தது கூண்டு. நாமக்கல் சீமையில் கூண்டு என்றால் அது கோழிக்கு. மனிதர்களுக்கு ஓட்டு இருப்பதால்தான் அவர்கள் கோழிகளைவிட முக்கியம் என்று இங்கே நினைக்கப்படுகிறது. ஆகவே டெண்டரில் குறைந்த விலை கேட்டவர் கோழிக்கூண்டுப் பட்டறை ஷஃபியுல்லா பாய் என்பதில் யாருக்கும் வியப்பில்லை. அவருக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"சார், நான் முட்டைக்கோழிக்குக் கூண்டு அடிக்கிற ஆளு. மகாத்மாவுக்கெல்லாம் அடிச்சுப் பழக்கமில்லீங்க."

"கூண்டு கூண்டுதானே பாய்?"

"இல்லீங்க, கோழிக்கூண்டு உள்ள இருக்கறது வெளிய வராம இருக்கறதுக்கு. இது வெளிய இருக்கறவன் உள்ள போகாம இருக்கறதுக்கு."

"கம்பி அதே கம்பிதானே?"

பாய் யோசித்தார். கம்பி அதே கம்பிதான்.

கூண்டு வந்தது. மேலேயும் கம்பி, நாலு பக்கமும் கம்பி. முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்பக்கக் கம்பிகளை மட்டும் தாராளமாக இடைவெளி விட்டு வைத்திருந்தார் பாய். முன்பக்கம் முழுவதுமே ஒரு கதவு, அதற்கு வெளியே, கோழி கொத்தாதபடி பின்னால் தகடு வைத்த தாழ்ப்பாள். அதோடு, முன்பக்கத்தில் கம்பிக்கு வெளியே முழங்கால் உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தீவனத் தொட்டி.

"இது எதுக்கு பாய்?"

"அது இல்லாம அடிக்கக் கை வர மாட்டேங்குதுங்க சார். எடுத்துட்டா முன்பக்கமே நிக்காது."

இளநிலைப் பொறியாளர் கலைமணி வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். படித்தவர். 'மலரஞ்சலி மேடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொட்டி தொலைந்தது, மேடை நிலைத்தது.

ஆனால் சாலைத் துறையிலிருந்து ஒருவர் டேப்போடு வந்துவிட்டார். மேடை சாலைக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, இது ஆக்கிரமிப்பு, யாராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான் என்றார்.

"இவரு தேசப்பிதாங்க," என்றார் ஏட்டு.

"பட்டா இருக்கா?"

இல்லை. சுதந்திரம் வாங்கித் தந்தவர் தனக்கென்று ஒரு சாண் வாங்கி வைக்கவில்லை. செயல் அலுவலர் நீட்டிக்கொண்டிருந்த தொட்டியைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு பாயைக் கூப்பிட்டார்.

"முன்பக்கத்தை அப்படியே திருப்பி மாட்டுங்க. தொட்டி உள்ளே போயிரும்."

"தாழ்ப்பாளும் உள்ள போயிருமுங்களே சார்!"

"போகட்டும். பாதுகாப்பு இன்னும் பலம்."

பாய் திருப்பி மாட்டினார். கடைசி ஆள் வெளியே வந்து கதவைச் சாத்தியதும், உள்ளே, கை நுழையாத தகட்டுக்கு அந்தப் பக்கம், தாழ்ப்பாள் தானாக விழுந்த சத்தம் கேட்டது. இனிமேல் அதைத் திறக்க முடிந்தவர் ஊரில் காந்தி ஒருவர்தான்.

அக்டோபர் இரண்டு. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ரோஜா மாலையோடு வந்தார். தள்ளுபடி போட்டிருந்ததால் அன்றைக்கு ஊரே வெள்ளைக் கதர்ச் சட்டையில் இருந்தது, அதிகாரிகளும் அப்படியே.

"கதவைத் திறங்க," என்றார் பெரியவர்.

ஏட்டு கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"சாவி எங்கே?"

"சாவி கிடையாதுங்க சார். உள்ள தாழ்ப்பாள்."

"உள்ளேயா? யார் போட்டது?"

ஏட்டு சிலையைப் பார்த்தார்.

கலைமணி முன்னால் வந்து நிலைமையைக் காப்பாற்றினார். "சார், மலரஞ்சலி மேடை இருக்குதுங்க. அதுல வெச்சா முறைதானுங்க."

மேடை உள்ளே, கீழே இருந்தது. நின்றபடி கையை மட்டும் விட்டால் எட்டவில்லை, வீசிப் போட்டால் மரியாதையில்லை. பெரியவர் குனிந்து, இரண்டு கம்பிக்கு நடுவே தலையை நுழைத்து, தொட்டியில் மாலையை வைத்தார். அவர் தலையை எடுப்பதற்குள் பதவி வரிசைப்படி மற்றவர்களும் இடம் பிடித்துத் தலையை நுழைத்தார்கள். பின்னாலேயே பொதுமக்களாகிய நாங்களும். வெள்ளை வெள்ளையாக, குனிந்து, கழுத்தை நீட்டி, வரிசையாக.

"அப்படியே இருங்க, யாரும் தலையை எடுக்காதீங்க!" என்று போட்டோக்காரர் கத்தினார். படம் நன்றாக வந்திருந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஷஃபியுல்லா பாய் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது தணிக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அச்சுறுத்தும் சக்தி அகற்றப்பட்டுவிட்ட நிலையில், கூண்டின் தேவை என்ன? செயல் அலுவலர் கேள்வியைப் படித்துவிட்டு, வெயிலில் குடைகூட எடுக்காமல் சாக்கடைப் பாலத்துக்கு ஓடினார்.

"அக்கா, நாளையிலிருந்து பழைய இடத்துக்கே வந்திருங்க."

"வேண்டாங்க சாமி. நான் ஆபத்தானவளாமா."

"அதுக்குத்தானே கூப்பிடறேன்! நீங்க இல்லாட்டி கூண்டு செல்லாது."

"பையை எதுல மாட்டறது? தடிதான் உள்ள போயிருச்சே."

"கம்பியில மாட்டுங்க. ரோட்டுல போறவங்களுக்கு நல்லாத் தெரியற மாதிரி மாட்டுங்க."

மாரக்காள் பழைய இடத்துக்குத் திரும்பினார். பஸ் நின்றது, கூழும் தீர்ந்தது. குடத்துத் தண்ணீர்தான் கம்பியைத் தாண்டிக் காந்தியின் தலைக்கு எட்டவில்லை. காக்கைக்குக் கம்பி ஒரு பொருட்டில்லை. மேல் கம்பியில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தது.

அன்றைக்கு நாங்கள் நாலைந்து பேர் கூண்டோரம் நின்று கூழ் குடித்துக்கொண்டிருந்தோம். பாயும் இருந்தார். மோர்மிளகாயைக் கடித்தபடி ஏட்டு கேட்டார்:

"ஏனுங்க பாய், இந்தக் கூண்டைப் பாக்கறப்பெல்லாம் என்னமோ தலைகீழா இருக்கற மாதிரியே தோணுதுங்க. என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் இல்லீங்க. பண்ணையில ஒரே சட்டந்தான். தொட்டியும் தாழ்ப்பாளும் எந்தப் பக்கமோ, அது பண்ணைக்காரர் நிக்கிற பக்கம்."

"அப்ப, இந்தப் பக்கம்?"

பாய் சொம்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு கூழைக் குடித்தார்.

நாங்கள் எல்லோரும் மெல்லத் திரும்பிப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குப் பக்கத்தில், கையில் தடியோடு, ஒரு காலை முன்னால் வைத்து, காலையில் பண்ணையைச் சுற்றிவர வந்தவர் மாதிரி அவர் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்காவது ஒன்றிரண்டு முட்டை தேறுமா என்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.